சட்டைக் கையை மடித்துக் காட்டியவர்

தம்பிக்கு,

தனியாகச் செய்த முதல் ரொடேட்டர் கஃப் தையல் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கூடவே ஒரு வரி: ‘பைசெப்ஸ் தசைநாண் கொஞ்சம் பழுதாகத் தெரிந்தது, அதையும் அறுத்து விட்டுவிட்டேன்.’ அந்தக் ‘கொஞ்சம்’ என் கண்ணில் உறுத்துகிறது.

தோளுக்குள் நாம் செய்கிற வேலைகளில் எளிதானது அதுதான். ஆங்கர் பொருத்தி, நூல் கோத்து, முடிச்சுப் போட்டுக் கஃப்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, கத்தரியின் இரண்டு கடியில் முடிகிற வேலை இளைப்பாறல்போல. அதனாலேயே கை பழகிவிடும்.

அறுக்கும் முன் தசைநாணை முழுதாகப் பார்த்தாயா? மூட்டுக்குள் தெரிவது அதன் ஒரு பகுதி மட்டுமே. புரோப் கொண்டு கொக்கி போட்டு இழு. எலும்புப் பள்ளத்துக்குள் ஒளிந்திருந்த பகுதியும் கொஞ்சம் உள்ளே வரும். லிப்ஸ்டிக் பூசியதுபோல் சிவந்திருக்கிறதா, நார் நாராகப் பிரிந்திருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். பள்ளத்தைவிட்டு உள்பக்கம் சரிந்திருந்தால் சப்ஸ்கேப்புலாரிஸின் மேல்விளிம்பைத் தேடிப் பார். பெரும்பாலும் அங்கே ஒரு கிழிசல் இருக்கும்.

வலிக்குக் காரணம் பைசெப்ஸ் தசைநாண்தான் என்றால் அறுப்பதில் எனக்கும் தயக்கமில்லை. தானாகவே அது அறுந்துபோனவர்களுக்கு வலி தணிவதைக் கண்டுதான் இந்த யோசனையே பிறந்தது. பிரான்சின் லியோன் நகரில் ஜில் வால்ஷும் சகாக்களும் 307 தோள்களில் செய்து பார்த்ததை 2005இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் கஃப்பைத் தைக்க வழியில்லாதவர்கள், தைத்தபின் தேவைப்படும் பயிற்சிகளுக்கு முன்வராத வயதானவர்கள். வலி நன்றாகவே தணிந்தது. மூட்டின் தேய்மானம் மட்டும் தன்பாட்டுக்கு நடந்தது.

எனக்குப் பாடம் நடத்தியவர் ஓர் எலக்ட்ரீஷியன். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு. அவருக்கும் கஃப்பைத் தைத்து, கூடவே பைசெப்ஸ் தசைநாணை அறுத்து விட்டிருந்தேன். கஃப் அருமையாக ஒட்டியிருந்தது. ஸ்கேனைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்கு மேலே சதை திரண்டு இறங்கியிருந்தது. ‘இது என்ன சார், கொழுக்கட்டை மாதிரி?’ இதைப் பாப்பாய் என்கிறோம். அந்தக் கார்ட்டூன் மாலுமிக்குப் புடைத்திருப்பது முன்கை, அது வேறு கதை. ஸ்குரூவை முடுக்கும்போது கை சீக்கிரம் ஓய்ந்துபோகிறது, சுருக்கென்று பிடித்து இழுக்கிறது என்றும் சொன்னார். வலக்கையால் ஸ்குரூ முடுக்குவது உள்ளங்கையை மேலே திருப்புகிற அசைவு. பைசெப்ஸுக்கு அதில் பெரிய பங்கு. படித்திருந்தேன். அவரிடம் மட்டும் சொல்லியிருக்கவில்லை.

அறுத்த நுனியை எல்லோருக்கும் எலும்பில் பொருத்திவிடலாமே என்பாய். ஆங்கருக்கோ ஸ்குரூவுக்கோ காசு கூடும். சில வாரங்கள் முழங்கையை மடக்கிப் பாரம் தூக்கக் கூடாது. பொருத்தியதும் சில நேரம் விட்டுப்போகும். எழுபது வயதுப் பாட்டிக்கு, சதை தொய்ந்த கையில் அந்தத் திரட்சி கண்ணிலேயே படாது. அவருக்கு ராத்திரி தூங்கினால் போதும், அறுத்து விடு. கருவி திருப்பிப் பிழைக்கிறவர், ஒல்லிக் கைக்காரர், கண்ணாடி முன் நிற்கிற வயது என்றால் பொருத்து. நடுவில் இருப்பவர்களிடம் நானும் இன்றுவரை கேட்டுத்தான் முடிவு செய்கிறேன். மயக்க மருந்து ஏறிய பிறகு யாரிடம் கேட்பாய்? முந்தின நாள் சாயங்காலமே வார்டுக்குப் போ. என்ன வேலை, எந்தக் கை, சதை திரண்டால் பரவாயில்லையா என்று கேட்டு, பதிலை கேஸ் ஷீட்டில் எழுதி வை.

உன் நோயாளி அடுத்த முறை வரும்போது தோளை மட்டும் பார்த்து அனுப்பிவிடாதே. சட்டைக் கையை மடிக்கச் சொல். பார்த்ததை எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்