ஐட்லிங் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

கேள்வி: ஐயா, என்னிடம் 2008 மாடல் ஃபோர்டு ஐகான் பெட்ரோல் வண்டி இருக்கிறது. ஃபோர்டின் மறைமலை நகர் ஆலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது, விற்க மனம் வரவில்லை. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது என்று போன மாதம் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவி, 'ஐட்லிங் வைத்து'க் கொடுத்தார்கள். இப்போது ஆஃப் ஆவதில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே யாரோ ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விடுவதுபோல ரேஸ் ஏறி இறங்குகிறது. ஸ்கேனரில் கோளாறு எதுவும் காட்டவில்லை. கம்ப்யூட்டரையே மாற்றவேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: வேண்டாம். கம்ப்யூட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதற்குக் கொடுக்கப்பட்ட காற்றுதான் தப்பு.

கார்பரேட்டர் வண்டிகளில் ஐட்லிங் என்பது ஒரு ஸ்க்ரூ. காதால் கேட்டுத் திருப்பினால் முடிந்தது. 1999 முதல் மறைமலை நகரில் தயாரான ஐகானில் அந்தப் பொறுப்பு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. நீங்கள் காலை எடுத்ததும் த்ராட்டில் தகடு மூடிக்கொள்ளும். எஞ்சினுக்குத் தேவையான கொஞ்சம் காற்று, தகட்டைச் சுற்றிப் போகும் தனிப் பாதையில் நுழையும். அந்தப் பாதையில் இருக்கும் சின்ன மின்வால்வைத்தான் கம்ப்யூட்டர் திறந்து மூடுகிறது. எஞ்சின் சூடு எவ்வளவு, ஏ.சி. ஓடுகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்து, சுற்று எவ்வளவு இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, அதற்குத் தக்க காற்றை விடுகிறது.

பல வருட ஓட்டத்தில் தகட்டின் விளிம்பில் எண்ணெய்ப் புகை படிந்து கரி கட்டும். வழக்கமாகக் கசியும் காற்று குறையும். கம்ப்யூட்டர் அதை ஈடுகட்ட வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, அந்த அளவை நினைவிலும் வைத்துக்கொள்ளும். கரி அளவுக்கு மீறினால் எஞ்சின் நின்றுபோகும். உங்களுக்கு முதலில் நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும். கழுவியதும் சரியான வைத்தியமே. கழுவிய பிறகு கம்ப்யூட்டரின் பழைய நினைவை அழித்து, புதிதாகக் கற்கவிட்டிருக்கவேண்டும். அதற்குப் பதில் தகட்டின் நிறுத்த ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறார்கள்.

அங்கேதான் இந்த ஏற்ற இறக்கம் பிறக்கிறது. தகடு லேசாகத் திறந்தே நிற்பதால், வால்வை முழுக்க மூடினாலும் சுற்று குறையாது. சுற்று ஏறிக்கொண்டே போகிறது, காலோ ஆக்ஸிலேட்டரில் இல்லை. வண்டி சரிவில் இறங்குகிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு பெட்ரோலை நிறுத்துகிறது. சுற்று விழுகிறது. விழுந்ததும் மறுபடி பெட்ரோல் விடுகிறது, மறுபடி ஏறுகிறது. எந்த சென்சாரும் கெடவில்லை. ஸ்கேனர் பிறகு எதைக் காட்டும்?

நீங்கள் செய்யவேண்டியது இது. முதலில் வேக்கம் குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அளவில்லாமல் நுழையும் காற்றும் இதே ஆட்டத்தைக் காட்டும். பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஏ.சி., லைட் எல்லாம் அணைத்து, ஸ்கேனரின் நேரடி அளவீட்டில் ஐட்லிங் வால்வின் திறப்பைப் பார்த்தபடி ஸ்க்ரூவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும். வால்வு மேலும் கீழும் நகர இடமுள்ள அளவில் நிற்கவேண்டும். தகடு குழாயில் இறுகிச் சிக்கவும் கூடாது. அதன்பின் நினைவை அழித்து, ஏ.சி. இல்லாமல் சில நிமிடம், ஏ.சி. போட்டுச் சில நிமிடம் நிறுத்தியே ஓடவிடுங்கள். செங்கல்பட்டு ஊருக்குள் நின்று நின்று ஒரு சுற்று ஓட்டினால் மீதியை அதுவே கற்றுக்கொள்ளும்.

மறைமலை நகர் ஆலையில் கார் தயாரிப்பு 2022-இல் நின்றுவிட்டது. அங்கே பிறந்த வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க நீங்கள் படும் பாடு வீண்போகக்கூடாது. ஸ்க்ரூவில் ஒரு பெயின்ட் புள்ளி வையுங்கள், இனி யாரும் திருகினால் தெரியும்.

கேள்வி: கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் டாக்ஸி ஓட்டுகிறேன். சனி, ஞாயிறு நெரிசலில் ஏ.சி. போட்டு நின்றால் வண்டி நடுங்குகிறது. என் வண்டியில் ஆக்ஸிலேட்டர் கேபிளே கிடையாது. ஐட்லிங் வால்வு எங்கே இருக்கிறது?
- வாசகர், மாமல்லபுரம்

பதில்: உங்கள் வண்டியில் தனி வால்வு இருக்காது. த்ராட்டில் தகட்டையே ஒரு மோட்டார் மயிரிழை அளவுக்கு அசைத்து ஐட்லிங்கைப் பிடிக்கிறது. ஏ.சி. பட்டனை அழுத்தியதும் கம்ப்ரஸர் உடனே ஓடுவதில்லை. கோரிக்கை கம்ப்யூட்டருக்குப் போகும், அது முதலில் காற்றைக் கூட்டும், பிறகே கம்ப்ரஸரை இணைக்கும்.

நடுங்கும்போது சுற்றுமானியைப் பாருங்கள். முள் அசையாமல் வண்டி மட்டும் அதிர்ந்தால் எஞ்சின் மவுன்டிங் ரப்பர் போயிருக்கிறது, காற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முள்ளும் விழுந்து எழுந்தால், த்ராட்டிலைக் கழுவும் முன் எர்த்தைப் பாருங்கள். கடலோரம் ஓடும் வண்டிகளில் இதை நான் விடாமல் வற்புறுத்துவேன். உப்புக் காற்றில் பாட்டரி முனையும் எர்த் பட்டையும் பூத்துப்போனால், ஏ.சி., ஃபேன், ஹெட்லைட் மூன்றும் ஓடும்போது மின்னழுத்தம் குறைந்து, சென்சார்கள் சொல்லும் கணக்கே பிசகும். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பாட்டரி மைனஸுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றித் தேய்த்துப் போடவேண்டும். சாவியை ஆன் செய்துவிட்டுத் தகட்டை மட்டும் விரலால் தள்ளாதீர்கள். விரல் நசுங்கும், உள்ளே பல்சக்கரமும் உடையும்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து பழைய எஞ்சின் ஒன்றுக்குத் தனி கம்ப்யூட்டர் மாட்டியிருக்கிறோம். லேப்டாப்பில் எதை மாற்றினாலும் ஐட்லிங் ஊஞ்சலாடுகிறது.
- மாணவர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: தம்பி, மதுராந்தகம் ஏரியின் மதகைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் உடனே போய்ச் சேராது. காற்றும் அப்படித்தான். வால்வைத் திறந்த பிறகு மேனிஃபோல்டு நிரம்பி சிலிண்டருக்குப் போகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 750 சுற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சினில் வினாடிக்கு 25 வெடிப்பு. ஸ்பார்க் நேரத்தை மாற்றினால் அடுத்த 40 மில்லிசெகண்டில் பலன் தெரியும். ஆகவே சட்டென்று பிடிப்பது ஸ்பார்க்கின் வேலை, நிதானமாகத் தாங்குவது காற்றின் வேலை. உங்கள் ஊஞ்சலுக்குக் காரணம் பெரும்பாலும் காற்றை அவசரப்படுத்துவதுதான்.

தானியங்கித் திருத்தத்தை முதலில் அணைத்துவிடு. ஐட்லிங்கில் ஸ்பார்க்கை பிஸ்டனின் மேல்நிலைக்கு முன் 10 டிகிரி அளவில் நிலையாகப் பூட்டு. எரிபொருள் கலவையைச் சரிசெய். விடியற்காலைக் குளிர்ந்த எஞ்சினிலிருந்து ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை, ஒவ்வொரு சூட்டிலும் எவ்வளவு காற்று விட்டால் தானாக நிற்கிறது என்று குறித்து அட்டவணையை நிரப்பு. ஒரே நாளில் முடியாது, எஞ்சின் ஆற ஆற மறுபடி செய்யவேண்டும். இந்தப் பொறுமைதான் டியூனிங்.

அட்டவணை சரியாக இருந்தால் திருத்தத்துக்கு வேலையே குறைவு. அதன்பின் ஸ்பார்க் பூட்டை எடுத்து, சுற்று விழுந்தால் சில டிகிரி முன்னேயும், ஏறினால் பின்னேயும் போகும்படி வை. கடைசியாகக் காற்றின் திருத்தத்தை மிகச் சிறிய அளவில் திறந்துவிடு. ரேஸ் கொடுத்துச் சட்டென்று காலை எடுத்துப் பார். சுற்று இலக்குக்குக் கீழே தடுக்கி விழாமல் வந்து நிற்கவேண்டும்.

நம் ஊரில் ஜனவரி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அட்டவணையின் உறைகுளிர்க் கட்டங்களை இங்கே சோதித்துப் பார்க்க வழியில்லை, அவற்றை ஊகத்தில் மாற்றாதே. ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் பழைய ஃபைலைத் தேதி போட்டுத் தனியாகச் சேமித்து வை.