தொழில் பழகுவோம்: டீசல் பைப்பை மீண்டும் பூட்டும் முறை

கொழுந்து லொறி, ட்றக்டர் என்று தோட்டத்து வாகனங்களில் கை பழகி, கராஜ் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நம்மிடையே பலர். எஞ்சினையே கழற்றிப் பூட்டுகிறவர்களும் கவனம் தவறுவது ஒரு சின்ன இடத்தில்தான். அதுதான் டீசல் பைப்பின் மூட்டு. அங்கே கசிகிற டீசல் சூடான சைலன்சர் பைப்பில் பட்டால் தீப்பிடிக்கலாம். மூட்டு வழியே காற்று உள்ளே போனால், ஆளும் பாரமும் ஏற்றிய லொறி மலை ஏற்றத்தில் நின்றுவிடும்.

பழைய மாதிரி டீசல் எஞ்சினில் செய்ய வேண்டியது இதுதான்:

1. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது. மூட்டைச் சுத்தமான துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பம்பும் இன்ஜெக்டரும் கெடும்.

2. துளை போல்ட் உள்ள மூட்டுக்குப் பைப் வளையத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு செப்பு வொஷர் வேண்டும். பழையது நசுங்கியிருக்கும், புதியதே போடுங்கள்.

3. நட்டை முதலில் விரலாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றுங்கள். இறுகினால் மரை பிறழ்கிறது என்று அர்த்தம். ஸ்பேனரைப் போட்டு வலுக்கட்டாயம் பண்ணாதீங்க. கழற்றி, பைப்பை நேராகப் பிடித்து மறுபடி ஏற்றுங்கள்.

4. ஒரு ஸ்பேனரால் மூட்டைப் பிடித்து, மற்றதால் நட்டை இறுக்குங்கள். அப்போதுதான் பைப் முறுக்காது.

5. இனி காற்று எடுக்க வேண்டும். பில்டர் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள்.

6. சிந்தியதைத் துடைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, மூட்டில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தப்பித் தவறிக் கையில் பாய்ந்தால், காயம் ஊசி குத்தின அளவே இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டீசல் பாய்ந்தது என்று டொக்டரிடம் சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம். கொமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் இன்னும் மிக அதிகம். பயிற்சி இல்லாமல் அதைத் தளர்த்தவே வேண்டாம்.

தம்பிமாரே, டிரைவர் அவசரப்படுத்தினாலும் கடைசிச் சோதனையை விட்டுவிடாதீங்க. அந்த லொறியில் போகிறவர்கள் நம்ம ஆட்கள்தான்.