நினைவு மலர் எழுத உட்காரும் பிள்ளைகளுக்கு

திருபுவனையில் எந்த வீட்டில் காரியம் என்றாலும், பதினாறாம் நாளுக்குள் "ஐயா, ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று என் வாசலுக்கு ஆள் வந்துவிடும். எனக்குக் கண் மங்கிவிட்டது. இனி நீங்கள்தான் எழுத வேண்டும். கடைசியாக நான் எழுதியது பட்டாளத்தில் 15 வருடம் இருந்துவிட்டு, பிறகு ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு. அவரை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம், தெருவுக்கே தெரியும்.

1. வேலையை உள்ளபடி எழுதுங்கள். பையன்கள் அடித்து வைத்திருந்த பேனரில் 'ராக்கெட் விஞ்ஞானி' என்று இருந்தது. அவர் அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தார். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் கற்ற தொழில் அது. ஒரு ராக்கெட் கிளம்பத் தீயணைப்பு வேண்டும், வானிலை பார்க்க ஆள் வேண்டும், வண்டி ஓட்ட, கேண்டீனில் சமைக்க ஆள் வேண்டும், எல்லாரையும் பேச வைக்கிற கம்பியும் வேண்டும். கம்பியைப் பார்த்துக்கொண்டவரை விஞ்ஞானி என்றால், அவர் பார்த்த வேலைக்கு மதிப்பில்லை என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். பேனரை மாற்றச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டேதான் மாற்றினார்கள்.

2. எந்தப் பட்டாளம் என்று சொல்லுங்கள். வேறு ஊரில் இது தேவைப்படாது. நம் புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் பிரெஞ்சுப் படையில் இருந்து பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிறவர். இவர் 1963-ல், சீனச் சண்டைக்குப் பிறகு ஆள் எடுத்தபோது, இந்திய ராணுவத்தில் சேர்ந்தவர்.

3. 'குடும்பத்தின் மீது அளவற்ற பாசம் கொண்டவர்' என்று எழுதாதீர்கள். எல்லா மலரிலும் அந்த வரி இருக்கிறது. அதற்குப் பதில் லீவுக் கணக்குப் போடுங்கள். பட்டாளத்தில் வருடத்துக்கு 2 மாதம் லீவு. 15 வருடத்துக்கு 30 மாதம். சண்டை வந்த வருடங்களில் அதுவும் குறைந்தது. மீதி நாளெல்லாம் அவர் எப்படிக் குடும்பஸ்தனாக இருந்தார்? அதைத்தான் தேட வேண்டும்.

எனக்கு அது கிடைத்தது பரண் மேல். வெள்ளை பெயிண்டில் நம்பரும் பெயரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி. மெடல் இருக்கும் என்று திறந்தோம். மெடலும் இருந்தது. அதற்கு அடியில் சணல் கயிற்றில் கட்டிய மணியார்டர் துண்டுகள். பணம் வாங்குகிறவர் கிழித்து வைத்துக்கொள்வாரே, சேதி எழுத நாலு விரல் இடம் இருக்குமே, அது. 'மாட்டுக்குத் தவிடு வாங்கு.' 'பெரியவளுக்குச் செருப்பு. ஒரு விரல் பெரிதாகவே எடு.' நாலு விரல் இடத்தில் கொஞ்சிப் பேச முடியாது. அவர் மாட்டையும் செருப்பையும் பற்றி எழுதினார். மலரில் ஒரு துண்டைப் படமாகப் போட்டோம், மெடலுக்கு மேலே.

4. தேதிகளை இரண்டு காலண்டரில் விசாரியுங்கள். 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்.எல்.வி.-3 முதல் தடவை கிளம்பி வங்காள விரிகுடாவில் விழுந்ததும், 1980 ஜூலை 18-ல் 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டதும் புத்தகத்தில் இருக்கிறது. அவர் சம்சாரத்திடம் 1980 என்று கேட்டால் முழிப்பார். ராக்கெட் போன நாள் என்றதும், "பெரியவளுக்கு அம்மை எறங்கி மொத தண்ணி ஊத்தின நாளு. ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து அவருதான் வேப்பிலை அரைச்சுக் குடுத்தாரு" என்றார். இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

5. பெரிய மனிதர்களோடு ஒப்பிடத் தோன்றும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், சரியான இடத்தில் ஒப்பிடுங்கள். அமெரிக்கக் கடற்படையில் விமானியாக இருந்து நிலாவைச் சுற்றிய ஜிம் லவல் 2025 ஆகஸ்டில் 97 வயதில் காலமானார். 1968-ல் அப்பல்லோ-8-ல் போனவர், நிலாவில் ஒரு மலைக்கு மனைவி மெரிலின் பெயரை வைத்தார். அந்தப் பெயரை அதிகாரபூர்வமாக ஏற்க 2017 வரை ஆயிற்று. வேப்பிலை அரைத்தவரை அவர் பக்கத்தில் உட்கார வைக்கலாம். போர், வீரம் என்று ஒப்பிட்டால் இருவரும் காணாமல் போவார்கள்.

6. அளவு எழுதக் கூச்சப்படாதீர்கள். நம் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு, 1048-ல் வெட்டியது, இங்கே நடந்த கல்லூரியில் 260 மாணவர், 12 ஆசிரியர் என்கிறது. எவ்வளவு நெல் என்பது வரை இருக்கிறது. 'சிறப்பாகக் கல்வி தந்தார்கள்' என்று மட்டும் வெட்டியிருந்தால் இன்று எவன் நின்று படிப்பான்?

7. அச்சுக்குப் போகும் முன் அந்த வீட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அந்தக் காலத்தில் பணம் கொண்டுவருகிற போஸ்ட்மேன்தான் திண்ணையில் உட்கார்ந்து துண்டைப் படித்துச் சொல்வாராம். நான் வாசித்துக்கொண்டே போனேன். மணியார்டர் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தவிடு இல்லீங்க ஐயா. புண்ணாக்கு."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மை மங்கியிருந்தது. புண்ணாக்குதான்.