பூமி அதிர்ந்தால் கடல் ஏன் பொங்குகிறது?



அடைமழை பெய்தால் நாம் லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டைப் பார்க்கிறோம். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர், இவையெல்லாம் மண்சரிவின் அறிகுறிகள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. மலைக்குக் குறி இருப்பது போல கடலுக்கும் குறி உண்டு. அதை இன்று படிப்போம்.

நம்மில் பலர் கடலைப் பார்ப்பது எப்போதாவது ஒரு தரம்தான். ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புப் பார்க்க புத்தளம் மாவட்டத்து உடப்புக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சாமி கும்பிட்டதும் பிள்ளைகள் நேரே கடற்கரைக்குத்தான் ஓடும். அம்பா பாடிக் கரைவலை இழுக்கும் மீனவர் ஊர் அது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. ஓடி ஏற நம்ம ஊர் மாதிரி மலை கிடையாது.

பூமி ஏன் அதிர்கிறது?

நாம் நிற்கும் தரை ஒரே துண்டு அல்ல. அவித்த முட்டையின் ஓடு வெடித்தது போல, பூமியின் மேலோடு பல பெரிய துண்டுகளாக இருக்கிறது. இவற்றைப் புவித்தட்டுகள் என்பார்கள். அடியில் உள்ள பாறை கடும் சூட்டில் இளகி, மிக மெதுவாக நகர்வதால் தட்டுகளும் நகர்கின்றன. இலங்கையும் இந்தியாவும் ஒரே தட்டில் இருக்கின்றன. அது வருஷத்துக்குச் சில சென்டிமீற்றர், அதாவது நகம் வளரும் வேகத்தில்தான் போகிறது.

கிழக்கே சுமாத்திராவுக்குப் பக்கத்தில் நம் தட்டின் விளிம்பு பக்கத்துத் தட்டுக்கு அடியில் நுழைகிறது. நுழையும் இடத்தில் இரண்டும் சிக்கிக்கொள்ளும். தேயிலை வாதை வளைத்துப் பிடித்து, கை விட்டால் சடாரென்று அடிக்கிறதல்லவா? அப்படித்தான் பல காலம் வளைந்திருந்த பாறை ஒரு நாள் விடுபடுகிறது. அதுவே பூமியதிர்ச்சி.

2004இல் நடந்தது

2004 டிசம்பர் 26, காலை 7 மணிக்குச் சற்று முன் அங்கே 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. கடலின் அடித்தளம் மேலே எழும்பி, மேலிருந்த தண்ணீரையும் தூக்கியது. அந்த அலை ஆழ்கடலில் ஆகாயவிமான வேகத்தில் ஓடும், ஆனால் உயரம் குறைவு. கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து உயரும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நமது கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

உடப்பு மேற்கே பார்த்த ஊர். அலை வந்த திசைக்கு இலங்கைத் தீவே குறுக்கே நின்றது. ஆனால் மேற்குக் கரைக்கு ஆபத்தே இல்லை என்று நினைக்கக் கூடாது. தெற்கைச் சுற்றி வளைந்து வந்த அலை களுத்துறை, மொரட்டுவைப் பக்கமும் உயிர்களைக் கொண்டுபோனது.

அன்று பல இடங்களில் கடல் உள்வாங்கியது. வெறுமையான தரையையும் துள்ளும் மீனையும் பார்க்கச் சனங்கள் இறங்கிப் போனார்கள். அதுதான் குறி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதிர்ச்சி நடந்த இடத்துக்கு மிக அருகில் உள்ள சிமெலுவே தீவிலோ, 1907இல் வந்த அலையின் கதையைப் பாட்டன், பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். பூமி ஆடியதும் எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே.

நாம் செய்ய வேண்டியவை

1. கரையில் நிற்கும்போது தரை பலமாக ஆடினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, பெரிய இரைச்சல் கேட்டாலோ உடனே கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் போக வேண்டும். நேரமில்லாவிட்டால் உறுதியான மாடிக் கட்டடத்தில் ஏறலாம்.
2. கடல் உள்வாங்காமலும் அலை வரலாம். அதனால் வானொலி, பொலிஸ் அறிவித்தலைக் கேட்டதும் கிளம்ப வேண்டும்.
3. முதல் அலையோடு முடிந்தது என்று சாமான் எடுக்கத் திரும்பக் கூடாது. பின்னால் வரும் அலை பெரிதாக இருக்கலாம்.
4. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

2012 ஏப்ரல் 11இல் சுமாத்திரா அருகே 8.6 அளவில் அதிர்ந்தபோதும் நம் கரையோர மக்கள் வெளியேறினார்கள். பாறை பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை. அதற்காக அன்று ஓடியது வீண் அல்ல.

இன்று இரவு சாப்பிடும்போது பிள்ளைகளிடம் கேட்டுப் பார்ப்போம்: "கடல் பின்னாலே போனா நாம எந்தப் பக்கம் ஓடணும்?" சரியான பதில் வரும்வரை சொல்லிக் கொடுப்போம்.