கேட்டா முனையும் அதன் சான்றுகளும்

கடலுக்குள் நீண்டு நிற்கும் நிலப்பகுதி முனை எனப்படும் என்று பூகோளப் பாடநூல்கள் கூறுகின்றன. மாணவர்கள் இவ்விலக்கணத்தை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றனர். ஆயினும், ஒரு முனையின் பாறை, மணல், நீர்நிலை, பறவை, மண்ணுள் புதைந்த எலும்பு ஆகிய ஒவ்வொன்றும் அந்நிலத்தின் வரலாற்றுக்குச் சான்றாகும். அச்சான்றுகளை எவ்வாறு படிப்பது, அவற்றைக்கொண்டு எந்த அளவுக்கு முடிவு கூறலாம் என்பதற்கு மத்தியதரைக் கடலிலுள்ள சைப்ரஸ் தீவின் கேட்டா முனை தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகிறது. உல்லாசப் பயணிகளிடையே அதிகப் புகழ் பெறாத இம்முனையைப் பற்றி ஆசிரியர்களும் களப் பணியாளரும் அறிந்துகொள்ள வேண்டியவை பல உள்ளன.

அமைவிடம்

சைப்ரஸ் மத்தியதரைக் கடலின் மூன்றாவது பெரிய தீவு. அதன் பரப்பு 9,251 சதுர கிலோமீட்டர். துருக்கியின் தென்கரையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் அது உள்ளது. தீவின் நடுவே நிற்கும் த்ரோடோஸ் மலைத்தொடரின் உச்சி 1,952 மீட்டர் உயரமுடையது. தென்கரையில் லிமசோல் நகருக்குத் தென்மேற்கே அக்ரோதிரி என்னும் குடாநாடு கடலுள் நீண்டு செல்கிறது. ‘அக்ரோதிரி’ என்ற கிரேக்கச் சொல்லுக்கே முனை என்பது பொருள். இக்குடாநாட்டின் தென்மேற்கு மூலையில் செவ்காரி முனையும், தென்கிழக்கு மூலையில் கேட்டா முனையும் உள்ளன. 1960-ஆம் ஆண்டு சைப்ரஸ் சுதந்திரம் பெற்றபோது பிரிட்டன் தன் வசம் வைத்துக்கொண்ட இராணுவத் தளப் பகுதியில் இக்குடாநாடு அடங்கும்.

கேட்டா முனை என்பதற்குப் பூனை முனை என்று பொருள். கி.பி. நான்காம் நூற்றாண்டில் நெடிய வறட்சிக்குப்பின் பாம்புகள் பெருகின என்றும், அவற்றை ஒழிப்பதற்காகப் பூனைகள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டன என்றும் ஐதிகம் உண்டு. இங்குள்ள மடாலயமும் பூனைகளின் புனித நிக்கோலஸ் மடாலயம் என்றே வழங்குகிறது. ஆனால், இத்தீவில் ஷிலுரோகாம்போஸ் என்னும் தொல்லிடத்தில் மனிதன் ஒருவனின் அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கண்டெடுத்து 2004-ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதன் வயது ஏறக்குறைய 9,500 ஆண்டுகள். பூனை இத்தீவுக்கு இயற்கையாக உரிய பிராணியன்று. ஆகவே, ஐதிகம் கூறும் காலத்துக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்னரே மனிதர் அதைப் படகில் கொண்டுவந்தனர் என்பது தெளிவு. பெயரும் கதையும் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகலாம். காலத்தை வரையறுப்பதற்கு மண்ணிலுள்ள சான்று வேண்டும்.

தீவு குடாநாடான விதம்

அக்ரோதிரி முன்னாளில் தனித்தீவாக இருந்தது. கரைக்கு அருகே ஒரு தீவு நிற்குமாயின், திறந்த கடலிலிருந்து வரும் அலைகள் அத்தீவில் மோதித் தடைப்படுகின்றன. எஞ்சிய அலைகள் தீவின் இரு பக்கங்களையும் சுற்றி வளைந்து வருகையில் வேகம் இழக்கின்றன. வேகமிழந்த நீர் தான் சுமந்துவரும் மணலையும் கூழாங்கற்களையும் தீவின் மறைவில் படியவிடுகிறது. இவ்வாறு படிந்த திட்டு வளர்ந்து வளர்ந்து தீவைக் கரையோடு பிணைக்கிறது. இத்தகைய இணைப்புத் திட்டைப் பூகோள அறிஞர் ‘டோம்போலோ’ என்பர்.

அக்ரோதிரியில் இத்தகைய திட்டுகள் இரண்டு உருவாயின. த்ரோடோஸ் மலையில் தோன்றிக் குடாநாட்டுக்கு மேற்கே கடலில் கலக்கும் கூரிஸ் ஆறு கல்லையும் மணலையும் கொணர்ந்தது. கிழக்குப் பக்கத்திலும் சிற்றாறுகளின் வண்டல் சேர்ந்தது. மேற்கில் ஒன்றும் கிழக்கில் ஒன்றுமாக இரு திட்டுகள் வளர்ந்து கரையைத் தொட்டபின் நடுவில் அகப்பட்ட கடற்பகுதி ஏரியாயிற்று. அதுவே அக்ரோதிரி உப்பு ஏரி.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை பெறப்படுகிறது. மணற்கரை நிலைத்திருப்பதற்கு மலையிலிருந்து இடைவிடாமல் வண்டல் வந்துகொண்டிருக்க வேண்டும். கூரிஸ் ஆற்றின் குறுக்கே 1988-ஆம் ஆண்டு பெரிய அணை ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 11.5 கோடி கன மீட்டர். குடிநீருக்கும் பாசனத்துக்கும் அது இன்றியமையாதது. எனினும், அணை நீரைத் தேக்கும்போது நீரோடு வரும் கல்லையும் மணலையும் சேர்த்தே தேக்குகிறது. வரவு குறைந்த கரையை அலை அரிக்கத் தொடங்கும் என்பது கரையோர ஆராய்ச்சியின் பொது விதி. ஆகவே, கரையைக் காக்கும் பொறுப்புடையோர் கரையை மட்டும் நோக்கினால் போதாது. ஆற்றின் தலைப்பகுதியையும் நோக்குதல் வேண்டும்.

ஏரியும் பறவைகளும்

உப்பு ஏரியின் அடித்தளம் கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்தது. மாரிக்காலத்தில் மழைநீர் நிறைகிறது. கோடையில் நீர் ஆவியாகி வெள்ளை உப்புப் படலம் எஞ்சுகிறது. மிகுந்த உப்பைத் தாங்கக்கூடிய சிற்றிறால் வகை ஒன்று இந்நீரில் பெருகுகிறது. அதன் முட்டைகள் வறண்ட சேற்றில் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கின்றன. அவ்விறாலை உண்பதற்காகப் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உணவிலுள்ள நிறப்பொருளே அவற்றின் இறகுகளுக்கு இளஞ்சிவப்பு நிறத்தை அளிக்கிறது. 2003-ஆம் ஆண்டு இந்த ஏரி ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

தென்கரையின் செங்குத்துப் பாறைகளில் எலியனோரா வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. பெரும்பாலான பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரிக்க, இவை கோடையின் பிற்பகுதியில் முட்டையிடுகின்றன. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவை நோக்கிச் சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடக்கும் காலம் அதுவே. களைத்து வரும் அப்பறவைகளே வல்லூற்றுக் குஞ்சுகளுக்கு உணவாகின்றன. பின்னர் வல்லூறுகளும் தெற்கே பறந்து, பெரும்பாலும் மடகாஸ்கரில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

பாறைப் புகலிடத்தின் எலும்புகள்

இதே தென்கரையில், கடலுக்கு மேலே ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்தில், மேற்கூரை இடிந்து விழுந்த சிறிய பாறைப் புகலிடம் ஒன்று உள்ளது. அதன் பெயர் ஏடோக்ரெம்னோஸ். கழுகுப் பாறை என்பது பொருள். அமெரிக்கத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் ஆலன் சிம்மன்ஸ் தலைமையில் 1987 முதல் 1990 வரை இங்கு அகழ்வு நடைபெற்றது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எலும்புகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை குள்ள நீர்யானைகளுடையவை. சில குள்ள யானைகளின் எலும்புகளும் இருந்தன. ஏறக்குறைய ஆயிரம் கற்கருவிகளும், அடுப்புக் குழிகளும் காணப்பட்டன. இவ்விடத்தின் காலம் இற்றைக்கு ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கணிக்கப்பட்டது.

சைப்ரஸில் இத்தகைய பிராணிகள் வாழ்ந்தமையை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் டோரத்தியா பேட் என்னும் பிரிட்டிஷ் பெண்மணி. 1901, 1902-ஆம் ஆண்டுகளில் அவர் தீவின் குகைகளில் இவற்றின் எலும்புகளைத் திரட்டினார். சைப்ரஸின் நீர்யானை ஏறக்குறைய 130 கிலோகிராம் எடையுடையது. உருவில் பெரியதொரு பன்றியை ஒத்தது. உணவு அளவுக்குட்பட்டதாயும், பெரிய ஊன் உண்ணும் விலங்குகள் இல்லாமலும் உள்ள தீவில் பெரும் பிராணிகள் தலைமுறை தலைமுறையாக உருவில் சிறுத்துவிடுதல் உண்டு.

சான்றும் அனுமானமும்

எலும்பும் கருவியும் ஓரிடத்தில் கிடைத்தமையால், மனிதரே இப்பிராணிகளை வேட்டையாடினர் என்றும், அவை அழிந்ததற்கு அதுவே காரணம் என்றும் அகழ்வாளர் கருதினர். எலும்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தீயில் கருகியிருந்தமை இக்கொள்கைக்கு வலுவூட்டியது. மேலடுக்குகளில் நீர்யானை எலும்பு குறைந்து, பறவை எலும்பும் கடற்சிப்பியும் மிகுந்தமையை, வேட்டைப் பிராணி அருகியதன் அடையாளமாக அவர்கள் கொண்டனர்.

பிற அறிஞர் சிலர் இதனை ஏற்கவில்லை. எலும்புகளில் கருவியால் வெட்டிய தழும்புகள் காணப்படவில்லை என்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர். முன்னரே இறந்து குவிந்திருந்த எலும்புகளின்மீது மனிதர் பிற்காலத்தில் வந்து தங்கித் தீ மூட்டியிருக்கலாம். அதனால் பழைய எலும்புகள் கருகியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். எலும்பின் காலத்தை நேரே அளந்து இவ்வழக்கைத் தீர்க்கலாமே எனின், வெப்பமான நிலத்தில் எலும்பிலுள்ள கொலாஜன் என்னும் பொருள் சிதைந்துவிடுவதால் அவ்வளவீடு கடினமாகிறது.

2024-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி கணித முறையால் இவ்வினாவை அணுகியது. 3,000 முதல் 7,000 வரையிலான மனிதர் தீவில் வாழ்ந்திருந்தால்கூட, ஆயிரம் ஆண்டுகளுக்குள் இப்பிராணிகளை அற்றுப்போகச் செய்திருக்க முடியும் என்று அது காட்டியது. ஒன்று நிகழக்கூடியது என்பதைக் கணிதம் காட்டும். இக்குறிப்பிட்ட பாறையின்கீழ் அது நிகழ்ந்தது என்பதை அடுக்குகளே காட்ட வேண்டும். இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் விஞ்ஞான முறையின் உயிர்நாடியாகும்.

ஆசிரியர்க்கும் களப் பணியாளர்க்கும்

இணைப்புத் திட்டு உருவாகும் விதத்தை வகுப்பிலேயே காட்டலாம். அகன்ற தட்டு ஒன்றில் ஒரு பக்கம் மணலைச் சரிவாகப் பரப்பி நீர் ஊற்றி, கரைக்குச் சற்று முன்னே நீளமான கல் ஒன்றை வைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் சிறு பலகையால் நீரை மெதுவாகவும் சீராகவும் அசைத்து வந்தால், அலைகள் கல்லைச் சுற்றி வளைவதையும், கல்லின் மறைவில் நீர் அமைதியடைவதையும், மணல் அங்கு ஒதுங்க முற்படுவதையும் மாணவர் நேரில் காண்பர்.

களப் பணியாளர் கைக்கொள்ள வேண்டியது குறிப்பெழுதும் ஒழுங்கு. ஏட்டின் ஒரு பக்கத்தில் கண்டதை மட்டும் எழுத வேண்டும்: எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பன. மறுபக்கத்தில் அதைப் பற்றிய கருத்தை எழுதலாம். ஓர் எலும்பை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்துவிட்டால், அது எந்த அடுக்குக்கு உரியது என்பதைப் பின்னர் எவராலும் மீட்டறிய இயலாது. கழுகுப் பாறையைப் பற்றிய வாதம் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் பயனுள்ள முறையில் தொடர்வதற்குக் காரணம், அங்கு ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே குறிக்கப்பட்டதேயாகும். கருத்து பின்னர் மாறலாம். செம்மையாக எழுதப்பட்ட குறிப்பு அடுத்த தலைமுறைக்கும் பயன்படும்.