சுண்ணக்கல்லில் வானத்தின் கணக்கு உண்டோ?

பருத்தித்துறையிலே கிணறு வெட்டக் கண்டோர் யாவரும் அறிவர்: மேல்மண் சிறிது ஆழத்தில் முடியச் சுண்ணக்கல் தோன்றும். மயோசின் காலத்துக் கடலுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியதே இக்கல். உலகின் வேறு சில இடங்களில் இத்தகைய கல், ஏடுகளை அடுக்கினாற்போலப் படைபடையாக மீண்டும் மீண்டும் ஒரே ஒழுங்கில் அமைந்துள்ளது. அவ்வொழுங்கிற்குக் காரணம் யாது?

புவியின் இயக்கமே காரணம் என்பர் ஒரு சாரார். புவியின் அச்சு பம்பரம்போலத் தலையசைப்பதால் ஏறக்குறைய 20,000 ஆண்டுக்கொரு முறையும், அதன் சாய்வு 41,000 ஆண்டுக்கொரு முறையும், ஒழுக்கின் வடிவம் ஏறத்தாழ 100,000 ஆண்டுக்கொரு முறையும் மாறிவருகின்றன. அதனால் ஞாயிற்றின் வெப்பம் பருவந்தோறும் இடந்தோறும் பங்கிடப்படும் முறை மாறும். காலநிலையும் கடல்மட்டமும் மாறும். சேர்பிய அறிஞர் மிலங்கோவிச்சு 1941இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகக் கணித்துக் காட்டினார். 1976இல் ஹேஸ், இம்பிரி, சக்கிள்டன் ஆகிய மூவரும் நமது இந்துமாகடலின் தென்பாற் சேற்றுப் படிவுகளில் இக்கால அளவுகளைக் கண்டு, பனியுகங்களுக்கு இதுவே காரணம் என வலியுறுத்தினர்.

ஆயின் மிகப் பழைய சுண்ணக்கல்லுக்கும் அது பொருந்துமோ? இத்தாலியின் லாட்டெமார் மலையிலே திரையாசிக் காலத்துப் படைகள் ஏறத்தாழ 600 உள. அவை ஐந்தைந்தாகத் திரண்டனபோலத் தோன்றின. 20,000இன் ஐம்மடங்கு 100,000 அன்றோ? ஆதலின் படையொன்றுக்கு 20,000 ஆண்டாக, முழு அடுக்கிற்கும் ஒரு கோடியே இருபது இலட்சம் ஆண்டு ஆகும் எனச் சிலர் கணித்தனர்.

இக்கணக்கைச் சோதிக்க வேறொரு கடிகாரம் வேண்டும். எரிமலைச் சாம்பற் படைகளிலுள்ள சிர்க்கன் மணிகளே அக்கடிகாரம். அவற்றுள் யுரேனியம் ஈயமாக மாறும் வீதம் அறியப்பட்டது. 1996இலும் 2003இலும் வெளிவந்த அளவீடுகள், அவ்வடுக்கு சில பத்து இலட்சம் ஆண்டுகளுள்ளேயே உருவாயிற்று எனக் காட்டின. அங்ஙனமாயின் படையொன்றுக்குச் சில ஆயிரம் ஆண்டே கிடைக்கும், முற்கணக்கு நிலைபெறாது. அறிஞரிடையே பெருவாதம் எழுந்தது. ஆழமற்ற கடல், தன் படிவினாலேயே தூர்ந்து, அடித்தளம் தாழ்ந்தபின் மீண்டும் நீர் நிறைந்து, வானத்தின் ஏவலின்றியும் படைகளை அடுக்கவல்லது என்பதும் மறக்கற்பாலதன்று.

இதனால் மாணவர் அறிய வேண்டுவன இரண்டு. படைகளைச் சீட்டுக்கட்டுப்போலக் கலைத்து அடுக்கினும் அதே விகிதம் தோன்றுமாயின், அவ்விகிதம் சான்றாகாது. கல்லின் ஒழுங்கைக்கொண்டு காலத்தை ஊகித்து, அக்காலத்தைக்கொண்டே அவ்வொழுங்கை விளக்குவது வட்டத்தில் நடப்பதேயாகும். ஒழுங்கு கண்டவிடத்துக் காரணமும் கண்டோம் என எண்ணாது, வேறோர் அளவுகோலாற் சோதிப்பதே விஞ்ஞானம்.