தனியே ஊர் காணப் புறப்படுவோருக்கு

பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி திருமறை பல இடங்களில் ஏவுகிறது. அல்அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம், படைப்பு எவ்வாறு துவங்கிற்று என்பதை ஊர் ஊராகச் சென்று காணச் சொல்கிறது. அர்ரூம் அத்தியாயத்தின் 42ஆம் வசனம், முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்பதைப் பார்த்து வரச் சொல்கிறது. எனவே, புதிய ஊர்களைக் காண வேண்டும் என்ற ஆசை மனிதனிடம் இருப்பதே தவறு என்று யாரும் கூறிவிட முடியாது.

ஆனால் வீடுகளில் நடப்பது வேறு. பையன் இரண்டு நாள் விடுமுறையில் தன்னந்தனியே எங்காவது மலைப்பக்கம் போய் வரவேண்டும் என்கிறான். தாயார் பதறுகிறார். பக்கத்திலிருக்கும் பெரியவர் ஒருவர், தனியே பயணம் போகிறவன் ஷைத்தான் என்று ஹதீதிலேயே வந்திருக்கிறது எனச் சொல்லி வாயை அடைத்து விடுகிறார். பையனோ சொல்லாமலே கிளம்பி விடுகிறான். மார்க்கத்தைப் பாதி சொன்ன குற்றம் ஒருபுறம், மனம் நோகச் செய்த குற்றம் மறுபுறம். ஆகவே இந்த மஸ்அலாவைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தனித்துச் செல்வதில் உள்ளதைத் தாம் அறிந்த அளவு மக்களும் அறிந்திருப்பார்களானால், எவரும் இரவில் தனியே சவாரி செய்ய மாட்டார்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது புகாரீயில் உள்ளது. ஒருவராகச் செல்பவரையும் இருவராகச் செல்பவர்களையும் ஷைத்தானோடு சேர்த்துச் சொல்லி, மூவராயிருந்தால்தான் பயணக் கூட்டம் எனக் கூறும் ஹதீது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம் பெற்றுள்ளது. பெரியவர் சொன்னது இதைத்தான்.

இதற்கு உலமாக்கள் தந்த விளக்கத்தையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? இமாம் தபரீ அவர்கள், இது ஒழுக்கத்தையும் நல்வழியையும் காட்டும் எச்சரிக்கையே, ஹராமாக்கும் தடை அன்று எனத் தெளிவுபடுத்தினார்கள். தனிமையில் ஏற்படும் திகிலும் ஆபத்துமே அதன் காரணம். இமாம் கத்தாபீ அவர்களின் விளக்கம் நெஞ்சைத் தொடுவது. தனியே போகிறவர் வழியில் மவுத்தாகி விட்டால் அவரைக் குளிப்பாட்டவும் அடக்கவும் அருகில் ஆளில்லை. அவருடைய வஸிய்யத்தைக் கேட்டு, விட்டுச் சென்ற பொருளைக் குடும்பத்தாரிடம் கொண்டு சேர்க்கவும் ஆளில்லை. தாயார் பதறுவதும் இதையெண்ணித்தான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தனியே செல்லுதல் பற்றிப் புகாரீ இமாம் அமைத்த அதே பாடத்தில், அகழ்ப்போரின்போது எதிரிகளின் செய்தியை அறிந்துவர ஸுபைர் (ரலி) அவர்கள் முன்வந்த ஹதீதையும் வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கையும் அனுமதியும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. தேவையும் பாதுகாப்பும் இருந்தால் தனிப் பயணம் ஆகும், அச்சமுள்ள இடத்தில், அதிலும் இரவில், அது வெறுக்கப்படும் என்று விளங்கிக்கொள்வதே பொருத்தம். மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்குச் சென்றது எப்படி? துணை யாருமின்றி, அச்சத்தோடு நகரை விட்டு வெளியேறி, ஒரு நீர்நிலையருகே இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நிழலில் ஒதுங்கி இறைவனிடம் இறைஞ்சினார்கள் என்பதை அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. அந்த ஊரில்தான் அவர்களுக்கு வேலையும் இல்லறமும் அமைந்தன.

நம் தமிழகத்து மண்ணை மிதித்த ஒரு தனிப் பயணியும் உண்டு. மொராக்கோவின் தஞ்சாவில் (இது நம் தஞ்சாவூர் அன்று) பிறந்த இப்னு பதூதா, 1325ஆம் ஆண்டு தமது 21ஆம் வயதில், ஹஜ்ஜை நாடித் துணையின்றித் தனியே புறப்பட்டார். தூனிஸ் நகரை அடைந்தபோது உடன் வந்தவர்களையெல்லாம் ஊரார் ஸலாம் சொல்லி வரவேற்க, தம்மை அறிந்தவர் ஒருவருமில்லையே என்று அவர் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஒருவர் அருகில் வந்து பேசித் தேற்றினார். தனிப் பயணத்தின் சுவையை மட்டும் பேசுகிறவர்கள் இந்தக் கண்ணீரையும் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் இலங்கையின் ஆதம் மலைமீது ஏறியவரும், அங்கிருந்து வருகையில் கப்பல் சேதமுற்று மஃபர் எனப்பட்ட நம் கரையில் ஒதுங்கியவரும், மதுரை சுல்தானின் விருந்தினராயிருந்து அந்நகரில் கொள்ளைநோய் பரவியதை நேரில் கண்டவரும் அவர்தாம்.

புறப்படும்போது பெற்றோர் இருவரும் உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிந்தது தமக்குப் பெருந்துயராயிருந்தது என அவரே பதிவு செய்திருக்கிறார். 1348இல் டமாஸ்கஸில் இருக்கையில்தான், தந்தையார் மவுத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்தி கிடைத்தது. மறு ஆண்டு மொராக்கோ திரும்பும் வழியில், தாயாரும் கொள்ளைநோயில் இறந்துவிட்ட செய்தி வந்து சேர்ந்தது. இன்றுள்ளது போன்ற வாகனமும் தபாலும் இல்லாத காலம் அது. கையில் தொலைபேசி இருந்தும் மூன்று நாள் வீட்டுக்குப் பேசாத பிள்ளைகளை என்னவென்பது! அச்சமுள்ள பயணத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என நம் சட்ட நூல்கள் வலியுறுத்துவது வீண் கட்டுப்பாடன்று.

இனி தொழுகைக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்குக் கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்ளலாம். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, சேலம் மாவட்டம் வரை பரந்து கிடக்கும் மலை அது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வளைந்து வளைந்து ஏறினால் மேலே வெள்ளிமலை, கரியாலூர். வழியில் பெரியார் அருவி, உள்ளே மேகம் அருவி. ஊட்டி, கொடைக்கானல் போல் கூட்டம் மொய்க்கும் இடமன்று. தனியே போகிறவர்களை ஈர்ப்பதும் அதுதான்.

கள்ளக்குறிச்சிவாசி அங்கு சென்றால் கஸ்ர் உண்டா? இல்லை. ஊரிலிருந்து வெள்ளிமலை ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஹனஃபீ மத்ஹபில் 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் என்று இந்நாட்டு உலமாக்கள் கணக்கிட்டுள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபின் இரண்டு மர்ஹலா 80 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். போகவர உள்ள தூரத்தைக் கூட்டிக்கொள்ளவும் கூடாது. சென்னையிலிருந்து வருபவருக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேலாவதால், தம் ஊர் எல்லையைத் தாண்டியதுமே அவர் முஸாஃபிர். ஹனஃபீயானால் ளுஹர், அஸர், இஷாவை இரண்டாகத் தொழுவது அவர் மீது வாஜிப். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் மட்டும் நான்கு.

ஷாஃபிஈ மத்ஹபினருக்கு இங்கே பலரும் அறியாத நுட்பம் ஒன்று இருக்கிறது. போகுமிடம் இன்னதெனத் தீர்மானிக்காமல் கால் போன போக்கில் திரிபவருக்குக் கஸ்ர் இல்லை. (ஹனஃபீ மத்ஹபிலும், அத்தனை தூரத்தை நாடாமல் உலகையே சுற்றினாலும் கஸ்ர் இல்லை.) அது மட்டுமல்ல. நேர்மையான நோக்கம் ஏதுமின்றி ஊர்விட்டு ஊர் மாறுபவருக்குச் சலுகை இல்லை என்று இமாம் நவவீ அவர்கள் ‘ரவ்ழத்துத் தாலிபீன்’ நூலில் எழுதி, ஊர்களை வெறுமனே பார்ப்பதற்கென்றே செய்யும் பயணம் சரியான நோக்கங்களில் சேராது என்ற ஷைகு அபூ முஹம்மது அல்ஜுவைனீ அவர்களின் கருத்தையும் எடுத்துக் காட்டியுள்ளார்கள். ஊர் சுற்றும் ஆசை நம் காலத்துப் புதுமை என்று நினைப்பவர்கள், ஃபிக்ஹு நூலிலேயே அதற்கு ஓர் இடமிருப்பதைக் கண்டு வியக்கலாம்.

அப்படியானால் சென்னை ஷாஃபிஈ இளைஞர் என்ன செய்வது? உறவினரைக் காணுதல், வியாபாரம், கல்வி, உடல்நலம் ஆகிய ஏதேனும் ஒரு நோக்கம் மெய்யாகவே இருக்குமானால் தடையில்லை. அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு சிந்திக்க வேண்டுமென்ற நாட்டத்தோடு செல்பவர் வெறும் வேடிக்கைக்காரர் அல்லர் என்பதே எனக்குப் படுவது. ஆனால் கஸ்ருக்காகவென்று ஒரு நோக்கத்தைக் கடைசி நிமிடத்தில் ஒட்ட வைத்துக்கொள்வது ஏமாற்று வேலை. ஐயமிருந்தால் ஷாஃபிஈகள் முழுமையாகத் தொழுது விடலாம், அது எப்போதும் செல்லும். கஸ்ருக்குத் தகுதியுள்ளவர் ளுஹரையும் அஸரையும் கள்ளக்குறிச்சியிலேயே ஜம்உ செய்துவிட்டு மலையேறலாம். ஹனஃபீ மத்ஹபில் அந்த ஜம்உ இல்லை. ளுஹரை அதன் கடைசி வக்திலும் அஸரை அதன் ஆரம்ப வக்திலும் தொழ அவர்களுக்கு வழியுண்டு. மலைப்பாதையில் பஸ் ஆடும் ஆட்டத்தில் இருக்கையில் அமர்ந்தபடி பர்ளைத் தொழுதுவிட்டால் போதும் என எண்ணாதீர்கள். பஸ் நேரத்தைக் கேட்டு, வக்தைக் கணக்கிட்டுப் புறப்படுவதே முறை.

மலையில் மஃரிபு விஷயத்தில் பலர் இடறுகிறார்கள். பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு மேற்குச் சிகரத்தின் பின்னே சூரியன் சீக்கிரமே மறைந்து விடும். அது அஸ்தமனமன்று. எதிரேயுள்ள கிழக்குச் சிகரத்தின் உச்சியில் வெயில் இருக்கும்வரை சூரியன் அடையவில்லை என்பதே பொருள். நோன்பாளியானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கிப்லா அங்கிருந்து நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்தது. ஓடையும் அருவியும் அருகிலிருக்கக் குளிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து கொள்ளாதீர்கள். தண்ணீர் உண்மையிலேயே இல்லாதபோதோ, உடலுக்குக் கெடுதி வரும் என்ற போதோதான் அது.

ஜும்ஆவையும் மறக்கலாகாது. கள்ளக்குறிச்சிவாசி வெள்ளிக்கிழமை காலை மலையேறி ஜும்ஆவை விடுவதற்கு, தாம் முஸாஃபிர் என்பதைக் காரணமாக்க முடியாது. தொழுதுவிட்டுப் புறப்படலாம், அல்லது சனிக்கிழமை போகலாம்.

மலை ஏறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லி வந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது புகாரீயில் உள்ளது. கோமுகி அணையைக் கடந்து பஸ் முதல் வளைவில் திரும்பும்போதே அந்த சுன்னத்தைத் துவங்கிவிடலாம். மலையுச்சியில் தனியே ஆடு மேய்க்கும் ஒருவர் பாங்கு சொல்லித் தொழுவதைக் கண்டு இறைவன் திருப்தி கொள்கிறான் என்ற கருத்தில் அபூதாவூதிலும் நஸாயீயிலும் ஹதீது வந்திருக்கிறது. கேட்க மனிதர் யாருமில்லை என்றாலும் பாங்கு சொல்லுங்கள். ஊரில் ஒலிபெருக்கியின் பாங்கைக் கேட்டே பழகியவர், மரங்களுக்கு நடுவே தம் குரலில் தாமே பாங்கு சொல்லித் தொழும்போது அடையும் இன்பத்தைச் சொல்லி விளக்க இயலாது.

அங்கு வாழ்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் அவர்கள். கேரளத்தாரல்லர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வழிவழிச் செய்தி. சாமை, தினை, மரவள்ளி பயிரிட்டும், தேனும் கடுக்காயும் சேகரித்தும் வாழ்கிறவர்கள். 1970-களின் நடுப்பகுதி வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் கூலியின்றி உழைத்த வரலாறும் அவர்களுக்குண்டு. அவர்கள் வீட்டையும் பெண்களையும் கேளாமல் படமெடுப்பது, வேடிக்கைப் பொருளாக நோக்குவது இவையெல்லாம் ஹக்குல் இபாதில் சேரும் குற்றங்கள். உணவு விஷயத்தில் சங்கடம் வராமலிருக்கக் கையில் ரொட்டியும் பேரீச்சம்பழமும் எடுத்துச் செல்லுங்கள். தவக்குல் என்று சொல்லிக்கொண்டு கட்டுச்சோறில்லாமல் ஹஜ்ஜுக்குக் கிளம்பி மக்களிடம் கையேந்திய யமன்வாசிகளைக் குறித்துத்தான் அல்பகரா 197ஆம் வசனத்தின் கட்டளை அருளப்பட்டது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மலைப்பகுதிச் சாராய ஊறல்களைத் தேடிப் போலீஸார் சோதனையிடுவது வழக்கம். தனி ஆளாகக் காட்டுப்பாதையில் திரிபவரை விசாரித்தால் கோபம் கொள்ள நியாயமில்லை. அடையாள அட்டை கையிலிருக்கட்டும். காப்புக்காட்டினுள் வனத்துறை அனுமதியின்றி நுழைய வேண்டாம். இரவு தங்குமிடத்தை வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, கடனோ அமானிதமோ இருந்தால் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். கத்தாபீ இமாம் அஞ்சியதில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பெண்களுக்கு மஹ்ரமின்றிப் பயணமில்லை என்ற சட்டம் வாசகர்கள் அறிந்ததே. கணவரோடோ சகோதரரோடோ அவர்களும் அந்த மலையைக் காணட்டும், அவர்களுக்கு மட்டும் பூமி விரிக்கப்படவில்லையா என்ன?

பயணம் உறக்கத்தையும் உணவையும் தடுக்கும் ஒரு வேதனை என்பதால், வேலை முடிந்ததும் விரைந்து வீடு திரும்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். முன்னறிவிப்பின்றி இரவில் வந்து கதவைத் தட்டுவதையும் வெறுத்துள்ளார்கள். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறும்போதே ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும். ஊர் வந்து இறங்கியதும் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வீடு செல்வது சுன்னத். வழியில் ளுஹர், அஸர், இஷா எதுவும் களாவாகியிருந்தால், ஹனஃபீ மத்ஹபினர் ஊரிலும் அதை இரண்டாகவே தொழ வேண்டும், ஷாஃபிஈகள் ஊரில் நான்காகத் தொழ வேண்டும்.